வழலையின் மேலுறையில் தமிழ் எங்கே?

(திங்கட் கூட்டப் பொழிவின் எழுத்துவடிவம்)



தமிழ்க் காப்புக்கென்று கூடிய அவையில் வழலையையும் முகப்பூச்சையும் பற்றிப் பேசுவதா என்று சிலர்க்கு நகைப்புத் தோன்றலாம். ஆட்சிமொழி, பயிற்றுமொழி, வழிபாட்டுமொழி, வழக்குமன்றமொழி என்னும் நான்கு களங்களைப் பற்றி இத்தகைய அவைகளில் ஓயாது பேசப்படுகின்றது, பேசவும் வேண்டும். ஆனால் ஐந்தாவதொரு களம் ஒவ்வொரு தமிழன் வீட்டுக் குளியலறையிலும் இருக்கின்றது. விடிந்ததும் அவன் கையில் எடுப்பது பற்பசை. அடுத்தெடுப்பது, சோப்பு என்று கடைத்தெருவில் வழங்கும் வழலை. தலைமுழுக்கு நாளில் எடுப்பது சாம்பு. இம்மூன்றின் மேலுறைகளையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். பொருளின் பெயர் தமிழெழுத்தில் இருந்தாலே பெரிது. அப்பெயரும் தமிழாக இராது. உள்ளே என்னென்ன கலந்துள்ளன என்பதோ, எறும்பு ஊர்ந்தாற்போன்ற ஆங்கில எழுத்தில், மடிப்பின் ஓரத்தில் ஒளிந்து கிடக்கும். உடம்பிற் பூசும் பொருள் இன்னதென்று உடம்புக்குரியவனிடம் அவன் மொழியிற் சொல்லாமலே விற்கின்றார்கள். இதனை மானக்கேடு என்று சொல்லி அமைதல் போதாது. இதனால் மக்கள் தோல் புண்படுகின்றது. வாயில்லா உயிர்கள் படும் துன்பமும் மறைந்து நிற்கின்றது.

இஃது அச்சகத்தார் சோம்பலால் நேர்ந்தது என்று எண்ண வேண்டா. 2011-ஆம் ஆண்டின் பொதியப் பொருள் விதிகள், பொதியின்மீது கட்டாயம் எழுத வேண்டியவற்றை இந்தியில், தேவநாகரி எழுத்தில் எழுதலாம். அன்றி ஆங்கிலத்தில் எழுதலாம் என்கின்றன. இவ்விரண்டனுள் ஒன்றோடு வேறொரு மொழியையும் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்று அவ்விதிக்கு ஒரு வாலும் உண்டு. அஃதாவது, தமிழ்நாட்டில் செய்து, தமிழ்நாட்டில் விற்று, தமிழரே வாங்கும் பொருளின்மேல் இந்தி இருந்தால் போதும். ஆங்கிலம் இருந்தால் போதும். தமிழ் மட்டும் இருந்தால் குற்றம்! தன் வீட்டுத் திண்ணையில் தமிழ் விருந்தாளியாக ஒண்டிக்கொள்ளலாம் என்று தில்லி ஒப்புதல் தந்திருக்கின்றது.

இதனால் இடர்ப்படுவோர் யார்? கற்றவர் ஒருவாறு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வர். நொய்ய தோலுடைய பிள்ளையைப் பெற்ற தாயை நினைத்துப் பாருங்கள். முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் சிவந்து தடித்து, இரவெல்லாம் சொறிந்து உறங்காத பிள்ளை. மருத்துவர், 'மணப்பொருள் சேராத வழலையாகப் பார்த்து வாங்குங்கள்; இன்ன பொருள் கலந்ததை விலக்குங்கள்' என்று சீட்டில் எழுதித் தருகின்றார். அச்சீட்டும் ஆங்கிலம்; உறையும் ஆங்கிலம். கடைக்காரர்க்கும் அது தெரியாது. ஈற்றில் அந்தத் தாய் எதனைக் கொண்டு தெரிந்தெடுக்கின்றாள்? உறையின்மேல் கொழுகொழுவென்று சிரிக்கும் வெள்ளைக் குழந்தையின் படத்தைக் கொண்டு!

இக்காலத்து உறைகளில் இரண்டு புதிய சொற்கள் பெருகி வருகின்றன. ஒன்று 'வீகன்', மற்றொன்று 'குருவெல்ட்டி பிரீ'. இரண்டும் ஒன்றென்றே பலர் கருதுகின்றனர். அல்ல.

வீகன் என்னும் சொல் 1944-ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் பிறந்தது. தொனால்டு வாட்சன் என்பார் இலெசுட்டர் நகரில் மரவேலை கற்பித்த ஆசிரியர். ஊன் தின்னாமையோடு பாலும் முட்டையும் தேனும்கூட விலக்குவார்க்கு ஒரு பெயர் வேண்டும் என்று, மரக்கறியுணவினரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி இதனை ஆக்கினர். ஆங்கிலத்துக்கு நேற்றுப் பிறந்த சொல் அது. அதனை நம்மவர் அப்படியே விழுங்குகின்றனர். சிலர் 'நனிசைவம்' என்கின்றனர். முன்னதினும் பின்னது நன்றே. ஆயினும் சைவம் என்பது சிவநெறியின் பெயர். அதனை உணவின் பெயராக்கியதே பொருந்தாது. அதன்மேல் 'நனி' சேர்த்தால் தோற்பூச்சுக்கு என்ன பொருள் தரும்? 'உயிர்ப்பொருள் சேராதது' என்று வேறு சிலர் எழுதுகின்றனர். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவுண்டென்று வகுத்தவர் தொல்காப்பியர். ஆகவே தேங்காயெண்ணெயும் உயிர்ப்பொருளே! 'விலங்குப்பொருள் சேராதது' என்பதே ஐயத்திற்கு இடமில்லாத தொடர். மற்றொன்றாகிய 'குருவெல்ட்டி பிரீ' என்பது, செய்யும்போதோ ஆய்ந்து பார்க்கும்போதோ விலங்கைத் துன்புறுத்தாததைக் குறிப்பது. அதற்குச் சொல் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. 'இன்னா செய்யாதது' என்க.

திருவள்ளுவர் துறவறவியலில் புலால் மறுத்தலை 26-ஆம் அதிகாரமாகவும், இன்னா செய்யாமையை 32-ஆம் அதிகாரமாகவும், கொல்லாமையை 33-ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். ஒன்றில் ஒன்று அடங்கும் என்று அவர் விட்டுவிடவில்லை. விலங்கின் உடலைக் கொள்ளாமை வேறு. விலங்கை வருத்தாமை வேறு. இந்தப் பகுப்பை வைத்துக் கொண்டு உறைகளைப் பாருங்கள். ஒரு முகப்பூச்சில் விலங்குப்பொருள் எதுவும் இராது. ஆயினும் அது முயலின் கண்ணில் ஊற்றிப் பார்க்கப்பட்டதாக இருக்கலாம். மற்றொன்றில் தேன்மெழுகு இருக்கும். ஆயினும் எந்த விலங்கின்மேலும் ஆய்ந்து பார்த்ததாக இராது. முன்னது விலங்குப்பொருள் சேராதது, ஆனால் இன்னா செய்தது. பின்னது இன்னா செய்யாதது, ஆனால் விலங்குப்பொருள் சேர்ந்தது.

இனி, விலங்குப்பொருள் எவ்வெவ்வாறு நுழைகின்றது என்று பார்ப்போம். வழலை என்பது கொழுப்பையோ எண்ணெயையோ கடுஞ்சவர் நீரோடு சேர்த்துக் காய்ச்சிப் பெறுவது. கொழுப்பு மாட்டினுடையதாகவும் இருக்கலாம். தென்னை, பனை, இலுப்பை, புங்கம் ஆகியவற்றின் எண்ணெயாகவும் இருக்கலாம். உறையில் 'சோடியம் தாலோவேட்டு' என்றிருந்தால் அது விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. 'சோடியம் பாமேட்டு' என்றிருந்தால் செம்பனை எண்ணெய். 'சோடியம் கோக்கோவேட்டு' என்றிருந்தால் தேங்காயெண்ணெய். 1983-இல் வனசுபதியில் மாட்டுக் கொழுப்பு கலந்த செய்தி வெளிப்பட்டபோது நாடே கொதித்தது. அந்தச் சினம் வாயில் இடுவதோடு நின்றுவிட்டது. மேலிற் பூசுவதைப் பற்றி எவரும் கேட்கவில்லை. ஏன்? வாயில் இடுவதன் பெயர் புரிந்தது. பூசுவதன் பெயர் புரியவில்லை.

'இலானோலின்' என்பது செம்மறியாட்டு மயிரில் ஊறும் நெய்மம். மயிரைக் கத்தரித்துக் கழுவும்போது கிடைப்பது. 'கார்மைன்' என்பது உதட்டுச் சாயத்துக்குச் சிவப்பூட்டும் நிறம். பெரு நாட்டில் கள்ளிச் செடியில் வாழும் ஒருவகைப் பூச்சியின் பெட்டைகளை உலர்த்தி அரைத்தெடுப்பது. ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்பர். உறையிலோ அது 'சி.ஐ. 75470' என்று வெறும் எண்ணாக நிற்கும்! ஆங்கிலம் கற்றவனும் அந்த எண்ணைக் கண்டு என்ன உணர்வான்? 'சுக்குவாலேன்' என்பது ஆழ்கடற் சுறாவின் ஈரலிலிருந்தும் வரும். ஒலிவத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் வரும். கிளிசரினும் சுடியரிக் காடியும் அவ்வாறே இருவழியிலும் கிடைப்பன. இவற்றின் பெயரைக் கொண்டு மட்டும் பிறப்பிடம் அறிய முடியாது. செய்தவன்தான் சொல்ல வேண்டும்.

பழந்தமிழர் இத்தகைய பொருள்களைத் தொட்டதே இல்லை என்று மேடையில் முழங்குவோர் உளர். அது மெய்யன்று. நானம் என்று நிகண்டுகள் சொல்வது மான்மதமும் புழுகுமே. இமயத்துக் கத்தூரிமானின் ஆணைக் கொன்று அதன் அடிவயிற்றுப் பையை அறுத்தெடுப்பது மான்மதம். புனுகுப் பூனையைக் கூண்டிலடைத்து அதன் பின்புறச் சுரப்பை வழித்தெடுப்பது புழுகு. இவற்றைச் செல்வர் பூசினர். பொய்ப்பெருமை பேசித் தமிழுக்கு ஆவதொன்றுமில்லை. ஆனால் அதே தமிழ் மண்ணில் பொதுமக்கள் கண்ட மாற்று ஒன்றுண்டு. கத்தூரி மஞ்சள் என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். மான் சாகாமலே மணத்தை ஒரு கிழங்கில் கண்டு, அக்கிழங்குக்கு அந்தப் பெயரை இட்டனர். இன்று மான்மத மணம் பெரும்பாலும் ஆலைகளில் செயற்கையாகவே செய்யப்படுகின்றது.

இனி முயலின் கண்ணுக்கு வருவோம். இதன் வரலாற்றை முழுவதும் அறியாமல் சினந்து பேசுவது எளிது.

1930-களில் அமெரிக்காவில் கண்ணிமை மயிருக்குப் பூசும் சாயம் ஒன்று விற்பனைக்கு வந்தது. அதில் பாராபினைலின்டயமின் என்னும் வேதிப்பொருள் இருந்தது. பூசிய பெண்களிற் சிலர் பார்வை இழந்தனர். ஒருவர் உயிரையே இழந்தார். அப்போது அந்நாட்டில் ஒப்பனைப் பொருளைக் கட்டுப்படுத்தச் சட்டமே இல்லை. மக்கள் கொதித்தெழுந்தனர்; 1938-இல் சட்டம் வந்தது. பொருள் தீங்கற்றது என்று காட்டுவதற்கு ஒரு வழி தேடினார்கள். 1944-இல் அந்நாட்டரசின் ஆய்வாளர் யோன் திரெய்சு என்பார் முறையொன்றை வகுத்தார். வெள்ளை முயலை அசையவொட்டாமல் தலைமட்டும் வெளியே நீட்டியிருக்குமாறு அடைத்து, ஒரு கண்ணில் பொருளை இட்டு, மறு கண்ணை ஒப்புநோக்க விட்டுவைத்து, 24 மணி, 48 மணி, 72 மணி நேரம் கழித்துச் சிவப்பையும் வீக்கத்தையும் சீழையும் அளந்து எண் போடுவது அம்முறை. முயலுக்குக் கண்ணீர் குறைவு. ஊற்றியதைக் கழுவிக்கொள்ள அதனால் இயலாது. அது கத்துவதும் அரிது. இவ்விரண்டு 'தகுதி'களுக்காகவே அது பலிக்கு வந்தது போலும்.

மாந்தர் கண்ணைக் காக்கத் தொடங்கியதொன்று, பின்னாளில் புதிய வண்ணச் சாந்துக்கும் புதிய மணத்துக்குமாக முயல்களைக் குருடாக்கும் வழக்கமாயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதனை எவரும் அசைக்கவில்லை. அசைத்தவரும் ஒரு பள்ளியாசிரியரே. என்றி சுபைரா என்பார் நியூயார்க்கில் ஆங்கிலம் கற்பித்தவர். 1980 ஏப்பிரல் 15-ஆம் நாள் நியூயார்க்குத் தைம்சு நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டார். அழகின்பொருட்டு எத்துணை முயல்களைக் குருடாக்குகின்றீர்கள் என்று இரெவ்லான் நிறுவனத்தைப் பெயர் சுட்டிக் கேட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நிறுவனம் மாற்றுமுறை காண்பதற்கென இராக்குபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7,50,000 தாலர் கொடுக்க முன்வந்தது. அவர் தெளிவாகக் கேட்டார். வாங்குவோர் மொழியில் கேட்டார். அதனால் வேலை நடந்தது. இயக்கத்தார் மனத்திற் கொள்ளத்தக்கது இது.

பின்னர் மாற்றுகள் வந்தன. அறுவை மருத்துவத்தில் எஞ்சும் மாந்தத் தோலின் உயிரணுக்களைக் கொண்டு கண்ணாடிக் கிண்ணத்தில் தோலை வளர்த்து, அதன்மேல் பொருளைப் பூசிப் பார்க்கின்றார்கள். தோலை அரிக்குமா என்று காணும் முறைக்கு 2004-இலும், எரிச்சலூட்டுமா என்று காணும் முறைக்கு 2010-இலும் பன்னாட்டு ஒப்புதல் கிடைத்தது. கண்ணுக்குரிய மாற்றுகளில் ஒன்று, இறைச்சிக் கொட்டிலில் வெட்டிய மாட்டின் விழிப்படலத்தைப் பயன்படுத்துவது! உயிருள்ள விலங்கை வருத்தவில்லை. எனினும் விலங்குப்பொருள் கைக்கொள்ளப்படுகின்றது. வள்ளுவர் ஏன் தனித்தனி அதிகாரம் வைத்தார் என்பது இங்கும் விளங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் செய்துமுடித்த ஒப்பனைப் பொருளை விலங்கின்மேல் ஆய்வதைத் தடுத்தது. 2009-இல் உட்பொருள்களை ஆய்வதையும் தடுத்தது. 2013-இல் அவ்வாறு ஆய்ந்தவற்றை விற்பதையும் முற்றாகத் தடுத்தது. இந்தியாவில் 2014 மே திங்களில் நாட்டினுள் ஆய்வதற்குத் தடை வந்தது. அதே ஆண்டு நவம்பரில், அவ்வாறு ஆய்ந்த பொருளை இறக்குமதி செய்வதற்கும் தடை வந்தது.

இதிலிருந்து ஒன்று தெரிந்து கொள்க. இங்கே செய்த முகப்பூச்சின்மேல் 'விலங்குகளில் ஆய்ந்து பார்க்காதது' என்று பெரிய எழுத்தில் பொறித்து இரட்டை விலைக்கு விற்கின்றார்களே, அது 2014 முதல் சட்டம் எல்லார்க்கும் விதித்த கடமை. திருடாமைக்குப் பரிசு கேட்பவனைப் போன்றது அவ்விளம்பரம்.

இனித் தோலைப் பற்றி. விலங்குப்பொருள் சேராதது என்றால் நொய்ய தோலுக்கு நல்லது என்று ஒரு மயக்கம் பரவி வருகின்றது. இரண்டுக்கும் தொடர்பில்லை. தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சிறிது காடித்தன்மை உடையது. நடுநிலையை 7 என்று கொள்ளும் அளவுகோலில் அது ஏறத்தாழ 5. வழலைக் கரைசலோ 9 முதல் 10 வரை செல்லும். எந்த எண்ணெயில் காய்ச்சினாலும் வழலை வழலையே; அது தோலின் இயற்கை நெய்ப்பசையை வாங்கிவிடும். நல்ல தோல் சிறிது நேரத்தில் தன்னிலைக்கு மீளும். நொய்ய தோல் மீள முடியாமல் வறண்டு வெடிக்கும். உறையில் 'டாய்லெட் சோப்' என்று எழுதியதற்கும் 'பாத்திங் பார்' என்று எழுதியதற்கும் வேறுபாடு உண்டென்று எத்துணைப் பேர்க்குத் தெரியும்? இந்தியத் தரநிறுவன அளவுப்படி, முதற்றரக் குளியல் வழலையில் கொழுப்புப்பொருள் 76 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. பின்னதற்கு 40 விழுக்காடே போதும். இரண்டும் ஒரே தட்டில், ஒரே பளபளப்பில், ஒரே ஆங்கிலத்தில் அடுக்கப்பட்டுள்ளன.

அடுத்த பகை மணப்பொருள். உறையில் 'பர்பியூம்' என்றோ 'பிராகிரன்சு' என்றோ ஒரே சொல் இருக்கும். அதனுள் பத்துப் பொருளும் இருக்கலாம், நூறும் இருக்கலாம். ஒவ்வாமை தரக்கூடிய மணப்பொருள்களில் 26-ஐப் பெயர் சொல்லியே எழுத வேண்டும் என்று ஐரோப்பியர் 2005 முதல் கட்டாயமாக்கினர். 2023-இல் அப்பட்டியலை ஏறத்தாழ 80 ஆக நீட்டினர். அவற்றிற் பல எலுமிச்சையிலும் இலவங்கத்திலும் இயற்கையாகவே உள்ளவை. ஆதலால் 'இயற்கை மணம்' என்பதும் காப்பாகாது. கெடாமற் காக்கச் சேர்க்கும் பொருள்களில் 'மெதில் ஐசோதயசோலினோன்' என்பது பலர்க்குத் தோலழற்சி தந்தது. 2013-இல் அமெரிக்கத் தோலழற்சி மருத்துவர் கழகம் அதனை அவ்வாண்டின் ஒவ்வாப்பொருளாக அறிவித்தது. பூசிக் கழுவாமல் விடும் பொருள்களில் அதனைச் சேர்ப்பதை 2017-இல் ஐரோப்பியர் தடுத்துவிட்டனர். முன்சொன்ன ஆட்டுமயிர் நெய்மமும் சிலர்க்கு ஒவ்வாது. அங்கே விலங்கின்மேல் இரங்குவதும் தோலைக் காப்பதும் ஒரே வழியில் முடிகின்றன. ஆனால் எப்பொழுதும் அவ்வாறு முடிவதில்லை.

நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் தொடும் இரண்டு பொருள்களையும் சொல்ல வேண்டும். ஒட்டுப்பொட்டின் பசையில் 'பாரா டெர்சியரி பியூட்டைல் பீனால்' என்னும் பொருள் கலந்திருந்தால், பொட்டிட்ட இடத்தில் நிறம் போய் வெண்புள்ளி விழுவதுண்டு. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதனைப் பலமுறை பதிவு செய்துள்ளனர். மஞ்சளைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சிவப்பாக்கிய பழைய குங்குமத்திற்கு இந்தப் பசையே தேவையில்லை. மற்றொன்று, சில மணித்துளிகளில் கறுப்பாகப் பற்றும் 'கருமருதாணி'. மருதாணி இலை கறுப்பாகப் பற்றுவதன்று; செம்மஞ்சளாகவே பற்றும். அந்தக் கறுப்பைத் தருவது, அமெரிக்கப் பெண்களின் கண்ணைப் பறித்த அதே பாராபினைலின்டயமின். 1930-களில் அங்கே சட்டம் கொணர்ந்த நஞ்சு, இங்கே மணப்பெண்ணின் கையில் கொப்புளமாக எழுகின்றது. அதன் மேலுறையில் இருப்பதோ பச்சை இலைப் படம்!

மரபுப் பொருள்களுக்கு வருவோம். சிலப்பதிகாரக் கடலாடு காதையில், பத்துவகைத் துவரும் ஐந்துவகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவி நீராடினாள் என்று இளங்கோவடிகள் எண்ணிக்கையோடு சொல்கின்றார். பொதுமக்கள் வீட்டில் பாசிப்பயற்று மாவும் கடலைமாவும் இருந்தன. தலைக்குச் சீயக்காயும் அரப்பும் பூந்திக்கொட்டையும் இருந்தன. இவற்றிற் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் தம்முள் இயற்கையாக உள்ள நுரைப்பொருளால் அழுக்கை நீக்குவன. எவ்விலங்கும் இவற்றிற்காக வருந்தவில்லை. பயற்று மாவில் வழலையின் கடுஞ்சவரும் இல்லை. ஆயினும் இவற்றை எல்லார் தோலுக்கும் ஏற்ற மாமருந்து என்று விற்பது தவறு. சீயக்காய் கண்ணிற் பட்டால் எரியும் என்பது தமிழ்ப் பிள்ளைகள் அழுது கற்ற பாடம். கரகரப்பாக அரைத்த மா புண்ணான தோலைக் கீறும். வெடித்த தோலில் மஞ்சளோ மூலிகையோ எதுவாயினும் மருத்துவரைக் கேளாமல் இடலாகாது. புதிய பொருள் எதனையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு, நாளைக்கு இருமுறையாக ஒரு கிழமை இட்டுப் பார்த்து, சிவப்போ அரிப்போ இல்லையாயின் பிறகு பிற இடங்களில் இடுவதே தக்க முறை. பொடியாயின், குளிப்பதுபோலவே நீரிற் குழைத்துத் தேய்த்துக் கழுவிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சீயக்காய்க்கு நேர்ந்த இழிவைக் கேளுங்கள். தமிழ்நாட்டு மலையில் விளைந்து, தமிழ்நாட்டு ஆலையில் அரைத்து, தமிழர் விற்கும் பொதியின் பின்புறத்தில் அது 'அக்கேசியா கான்சின்னா' என்று இலத்தீனத்தில் நிற்கின்றது! பன்னாட்டு மருத்துவர்க்கும் ஆய்வாளர்க்கும் ஒரு பொதுப்பெயர் வேண்டும். அதனை எவரும் மறுக்கவில்லை. இலத்தீனப் பெயரும் எண்ணும் இருக்கட்டும். அதனருகே சீயக்காய் என்று எழுதினால் என்ன குடி முழுகிவிடும்? 'தாலோவேட்டு' என்பதனருகே 'விலங்குக் கொழுப்பு வழலை' என்றும், 'இலானோலின்' என்பதனருகே 'ஆட்டுமயிர் நெய்' என்றும், 'கார்மைன்' என்பதனருகே 'பூச்சிச் சிவப்பு' என்றும், 'பர்பியூம்' என்பதனருகே 'மணப்பொருள்' என்றும், காப்புப் பொருளின் பெயரருகே 'கெடாமற் காப்பது' என்றும் எழுதுக. படித்த அளவிலேயே, புலால் மறுத்தவர் தமக்கு வேண்டாததை வைத்துவிடுவர். நொய்ய தோலர் தமக்கு ஆகாததை வைத்துவிடுவர். சில வணிகர் எழுதத் தயங்குவதற்கும் இதுவே கரணியம் போலும்.

வண்ணப்புள்ளி போதாதா என்பர் சிலர். வழலை, பற்பசை போன்றவற்றின்மேல் விலங்கு வழி வந்ததற்குச் சிவப்பு அல்லது பழுப்புப் புள்ளியும், அல்லாததற்குப் பச்சைப் புள்ளியும் இட வேண்டும் என்று 2014-இல் நடுவணரசு ஒரு விதி வகுத்தது. புள்ளி நல்லதே; எழுத்தறியாதார்க்கும் அது பேசும். ஆனால் ஒவ்வாமைப் பொருளைப் பற்றிப் புள்ளி வாய் திறக்காது. முயலைப் பற்றியும் சொல்லாது.

ஆகவே, செய்ய வேண்டுவன இருவகை. தில்லியின் விதியில் 'இந்தி அல்லது ஆங்கிலம்' என்பது 'அந்தந்த மாநில ஆட்சிமொழியும்' என்று விரிய வேண்டும். இது நெடும்போராட்டம், தமிழக அரசும் சட்டமன்றமும் முன்னின்று கேட்க வேண்டுவது. மற்றொன்றுக்குப் போராட்டமே தேவையில்லை. கூடுதலாகத் தமிழில் எழுதத் தடையில்லை என்று அந்த விதியே சொல்கின்றது. அவ்வாறிருக்க, தமிழ்ப்பெயர் கொண்ட தமிழ் முதலாளியின் நலங்குமாப் பொதியில் தமிழ் ஏன் இல்லை? வடவனைக் குறை கூறுமுன் இவர்களைக் கேட்க வேண்டும். தில்லி பூட்டாத கதவை இவர்களே உள்ளே தாழிட்டுக் கொண்டிருக்கின்றனர்.

இங்கு வந்துள்ள ஒவ்வொருவரும் இன்று வீட்டுக்குச் சென்றதும் குளியலறையில் உள்ள உறைகளையும் பொதிகளையும் எடுத்து வையுங்கள். அவற்றுள் தமிழ்நாட்டில் செய்தவை எவை, உட்பொருளைத் தமிழில் எழுதியவை எவை என்று பிரித்துக் குறித்து, அடுத்த திங்கட் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள். உறையிலேயே செய்தவர் முகவரி இருக்கும். எழுதியவர்க்குப் பாராட்டு மடலும் எழுதாதவர்க்கு வேண்டுகோள் மடலும் அன்றே இம்மன்றத்திலிருந்து செல்லட்டும். மடலோடு, அந்தந்த உறையிலுள்ள பட்டியலின் தமிழாக்கத்தையும் எழுதி இணைத்தல் வேண்டும். சொல் கிடைக்கவில்லை என்று எவரும் மறுமொழி சொல்ல இடம் வைத்தலாகாது. வேதியல் கற்ற இளைஞர் இருவர் மூவர் முன்வந்தால் அப்பணி ஒரு மாலையில் முடியும்.